புதுப்பிப்பு: அம்மாவின் முதுகுத்தண்டு, ஒருவழியாக நிபுணரைப் பார்த்தாயிற்று

10 நிமிடம் நடந்தாலே அம்மாவுக்கு இரண்டு காலும் மரத்துப்போகிறது, போன இடத்திலெல்லாம் வலி மாத்திரைதான் தருகிறார்கள், யாரிடம் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். எலும்பு மருத்துவரா, நரம்பு அறுவை மருத்துவரா என்று குழம்பியதுதான் மிச்சம். முதுகுத்தண்டில் தனிப் பயிற்சி பெற்றவர் என்றால் யாராக இருந்தாலும் சரிதான்.

புதிய மருத்துவர் ஸ்கேன் படத்தை உடனே கையில் எடுக்கவில்லை. முதலில் அம்மாவை வராந்தாவில் நடக்க வைத்தார். வலி வந்ததும், "நின்றாலே குறைகிறதா, உட்கார்ந்தால்தானா?" என்றார். உட்கார்ந்தால்தான். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் வலி தெரிவதில்லை என்று அம்மா சொன்னதும் தலையாட்டினார். குனியும்போது முதுகுத்தண்டுக்குள் நரம்புகளுக்கான இடம் கொஞ்சம் விரியும், நிமிர்ந்தால் குறுகும். அப்புறம் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அது சும்மா நின்றாலே தணிந்துவிடும். இத்தனை நாள் ஒருவரும் இதைச் செய்யவில்லையே என்றுதான் எனக்கு எரிச்சல்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 4, 5ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே நரம்புகள் போகும் பாதையில் நெருக்கம். கால் பலம் குறையாததால் இப்போதைக்கு பிசியோதெரபி. அறுவை சிகிச்சைப் பேச்சு பிறகுதான். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

அம்மா இப்போது உடற்பயிற்சி சைக்கிளில் முன்னால் சாய்ந்தபடி 20 நிமிடம் ஓட்டுகிறார், வலியில்லாமல்.