சுருதிப் பெட்டி நிரல்: ஆறு நிமிடத்தில் மேல் ஸ்தாயி, ஒன்பதரை நிமிடத்தில் மௌனம். ஏன்?

கேள்வி கேட்டவர்:
வணக்கம். சாதகம் பண்ண சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு சுருதிப் பெட்டி எழுதுகிறேன். இப்போதைக்கு ஒரே ஒரு சைன் அலைதான்: 440 ஹெர்ட்ஸ், நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அலையின் ஒரு புள்ளியின் மதிப்பு). கோணத்தை ஃப்ளோட்டில் (32 பிட் தசம எண் வகை) வைத்து, சாம்பிளுக்குச் சாம்பிள் 0.06269 ரேடியன் கூட்டி சைன் எடுக்கிறேன். 6 நிமிடம் 20 நொடியில் சுருதி மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. ஒன்பதரை நிமிடத்தில் சத்தமே இல்லை. நிரல் மட்டும் ஓடுகிறது. சைனுக்குக் கொடுக்கும் முன் எஃப்மாட் (வகுத்து மீதி தரும் செயற்கூறு) போட்டு 2 பைக்குள், அதாவது ஒரு முழுச் சுற்றுக்குள், சுருக்கியும் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

முதல் பதில்:
ஃப்ளோட்டை டபுள் (இன்னும் துல்லியமான 64 பிட் தசம எண் வகை) ஆக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆக்கினேன், ஒரு மணி நேரமாக ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் காரணம் புரியவில்லை.

இரண்டாம் பதில்:
டபுள் நோயை மறைக்கும், தீர்க்காது. ஃப்ளோட்டுக்கு 24 பிட் துல்லியம்தான். கோணம் 10,48,576-ஐத் தாண்டியதும் அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட் எண்களுக்கு நடுவே 0.125 இடைவெளி. நீங்கள் கூட்டும் 0.06269 அதில் பாதியைவிடத் துளி அதிகம், விடை மிக அருகிலுள்ள ஃப்ளோட் எண்ணுக்கு முழுமையாக்கப்படும், அதனால் கூட்டியது முழு 0.125 ஆகிவிடுகிறது. வேகம் இரு மடங்கு, அதாவது ஒரு ஸ்தாயி. 20,97,152-ஐத் தாண்டினால் இடைவெளி 0.25. இப்போது கூட்டுவது பாதிக்கும் கீழே, கோணம் நகராது. நகராத கோணத்தின் சைன் மாறாது, ஸ்பீக்கரில் என்ன கேட்கும்?

எஃப்மாட் உதவாததும் இதனால்தான். நீங்கள் சுருக்கியது சைனுக்குப் போகும் நகலை. கூட்டுத்தொகை ஏற்கனவே கெட்டுவிட்டது. (நல்ல நூலகங்களின் சைன் பெரிய கோணத்தைத் தானே சரியாகச் சுருக்கிக்கொள்ளும், கெட்ட கோணத்தைக் கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம்.) கூட்டிய கையோடு, 2 பையைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த மாறியிலிருந்தே 2 பையைக் கழியுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு: ரேடியனே வேண்டாம். ஒரு முழுச் சுற்றை 32 பிட் குறியற்ற (எதிர்மறை இல்லாத) முழு எண்ணாக வையுங்கள். சாம்பிளுக்கு 4,28,52,281 கூட்டினால் 440 ஹெர்ட்ஸ். நிரம்பி வழிந்தால் தானே பூஜ்யத்துக்குச் சுற்றிவரும், சுருக்க வேண்டிய வேலையே இல்லை.

இன்னொன்று: உங்கள் பழைய நிரல், அதே முழுமையாக்கலால், இரண்டாவது நொடியிலிருந்தே 0.06269-க்குப் பதில் 0.0625 தான் கூட்டிக்கொண்டிருந்திருக்கும். ட்யூனரில் பாருங்கள், 438.7 காட்டும்.

கேள்வி கேட்டவர்:
438.7 தான் அண்ணா! பாட்டு டீச்சர் போன வாரமே "கொஞ்சம் இறங்கியிருக்கே" என்றார், நான் ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முழு எண்ணுக்கு மாற்றிவிட்டேன். இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையிலும் 440.