சின்னப் பிள்ளையும் ஆய்வும்: நிறுத்திவைக்கலாமா?

வாவிக்கரை:
மட்டக்களப்பு வாவி இறால்களைப் பற்றி முதுதத்துவமாணி ஆய்வு செய்கிறேன். மாதிரி எடுக்க விடியமுன் தோணியில் போகவேண்டும், மகள் இன்னும் சின்னவள். என் கணவர் வேலைக்குப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை, நான் வெளிக்கிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று மாமி தொடங்கி எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு வருடம் நிறுத்திவைக்கச் சொல்கிறார் மேற்பார்வையாளர். திரும்ப விடுவார்களா?

ஒலுவில் அக்கா:
தங்கச்சி, அவசரப்பட்டு நிறுத்தாதீங்க. நிறுத்தத்தான் வேண்டுமென்றால், அந்த இடைவெளி பட்டத்தை முடிக்கத் தரும் பதிவுக் காலத்தில் சேராது என்று முதலில் எழுத்தில் வாங்குங்க. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் இளம் ஆய்வாளர் நிதிக்கு விண்ணப்பிக்கும் கால எல்லையைத் தாய்மாருக்குப் பிள்ளை ஒன்றுக்கு 18 மாதம் நீட்டிக் கொடுத்துவந்திருக்கிறது, இங்கேயும் கேட்பதில் தப்பில்லை.

கூத்துப்பிள்ளை:
கலையிலும் இதேதான். நம்ம மட்டக்களப்பு நாட்டுக்கூத்து வகைகளான வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்தார்கள். இப்போது நாங்கள் ஆட வந்தாலும் ஒத்திகை இரவில்தான், கைக்குழந்தைக்காரி எப்படி வருவாள் என்று யாரும் யோசிப்பதில்லை. ஒத்திகையைப் பின்னேரத்துக்கு மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தோம், மாற்றினார்கள்.

அக்கரைப்பற்று வாப்பா:
இலங்கையில் அரச வேலையில் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் லீவு, தகப்பனுக்கு 3 நாள். சட்டமே பிள்ளை வளர்ப்பைத் தாயின் தலையில் வைத்துவிட்டது. 1995இல் மருத்துவ நோபல் பெற்ற ஜெர்மன் பெண் விஞ்ஞானி நுஸ்லைன்-ஃபொல்ஹார்ட் 2004இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார், பிள்ளையுள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டுவேலைக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் ஆள் வைக்க அது காசு கொடுக்கிறது. சரி, உங்கள் கணவரிடம் தோணி போகும் நாட்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று பிள்ளை முழுக்க அவர் பொறுப்பு, மாமியிடம் தள்ளிவிடவும் கூடாது.