பைன்டவுன்ல கட்டின பழைய பர்கின் செவன்: கென்ட்டா, 20 வால்வா, ரோட்டுக்கே வேண்டாமா?

மெரிபேங்க் வாசி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பர்கின் எஸ்3 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கேன். தெரியாதவங்களுக்காக: 1957ல காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இருக்கே, அதே வார்ப்பு. 1980கள்ல நம்ம தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துப் பைன்டவுன்லயே கட்ட ஆரம்பிச்சாங்க. கூரை கிடையாது, ஏசி கிடையாது, எடை சுமார் 600 கிலோதான். உள்ள ஃபோர்டு கென்ட் 1600 இன்ஜின், ரெட்டை வெபர் கார்புரேட்டர்.

பல வருஷமா ஒரு கராஜ்ல துணி போத்திக் கிடந்த வண்டி. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் பேப்பரோட பொருந்துது. பேர் மாத்த ரோட்வொர்தி, அதாவது வண்டி ரோட்டுல ஓடத் தகுதின்னு சான்று, எடுத்தாகணும். எப்படியும் எடுக்கப்போறோம், முழுசா கழட்டிச் செய்யலாம்னு இருக்கேன்.

என் ஆசை ரேஸ் இல்ல. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில போத்தாஸ் ஹில், டிரம்மண்ட் வழியா பழைய மெயின் ரோட்ல ஒரு சுத்து, அவ்வளவுதான். ரெண்டு கேள்வி. அலுமினியத் தகடு பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு, அதை உரிக்காமலே வேலை பாக்கலாமா? கென்ட்டை வச்சுக்கறதா, டொயோட்டா 20 வால்வ் போடறதா?

லெனேசியா இருபது

20 வால்வ். யோசிக்கவே வேண்டாம் தம்பி.

ஜிடி டியூன்ல இருக்கற கென்ட் 85 குதிரைசக்தி பக்கம் தரும். டொயோட்டா 4ஏஜிஇ 20 வால்வ், கறுப்பு மூடி போட்டது, ஜப்பான் கணக்குப்படி 165. ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இங்க கொரோல்லாவுலயே வந்த இன்ஜின்தான், கிடைக்காத பொருள் இல்ல.

இன்னொண்ணு, கார்புரேட்டர். டர்பன்ல கடல் மட்டத்துல ஜெட் (பெட்ரோல் இறங்கற துளை) சரிபண்ணி வச்ச வெபரை ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கொண்டு வந்து பாரு. இங்க 1,700 மீட்டருக்கு மேல. காத்து லேசாயிடும், பெட்ரோல் மட்டும் அதே அளவு இறங்கும். கறுப்புப் புகை, பிளக் முழுக்கக் கரி. இன்ஜெக்‌ஷன்ல கம்ப்யூட்டரே காத்தை அளந்து பெட்ரோலைக் குறைச்சுக்கும். சேசிஸைப் பத்திக் கவலைப்படாதே, மணல் அடிச்சு பவுடர் கோட்டிங் குடுத்துடு, உன் ஆயுசுக்கும் நிக்கும்.

சாட்ஸ்வர்த் தாத்தா

லெனேசியா தம்பி சொன்ன எண்ணுல தப்பில்ல. ஆனா அந்த எண்ணு எங்கேயிருந்து வருதுன்னும் பாக்கணும். கென்ட் 1600க்கு போர் (சிலிண்டர் அகலம்) 80.98 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 77.62. 4ஏஜிஇக்கு 81, 77. அடிப்பாகம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ரெண்டும் இரும்பு பிளாக். வித்தியாசமெல்லாம் மேல்பாகத்துல, ஹெட்லதான். ஒண்ணுல புஷ்ராட், எட்டு வால்வ். இன்னொண்ணுல ரெட்டை கேம், இருபது வால்வ். அந்த ஹெட்டோட வேலை மேல் ஆர்.பி.எம்.ல. டிரம்மண்ட் வளைவுகள்ல நீ அந்த ஆர்.பி.எம்.முக்கு எத்தனை தரம் போவே?

நம்ம கொரோல்லாவுல அந்த இன்ஜின் குறுக்கே உக்காந்திருக்கும், முன்சக்கர வண்டிக்குச் செஞ்சது. செவன்ல நெடுக்கா வைக்கணும். ஃபோர்டு கியர்பாக்ஸோட சேர பெல்ஹவுசிங் (ரெண்டையும் இணைக்கற கூடு) வேணும். அடியில இருக்கற ஆயில் தொட்டி, சம்ப், தரை தட்டும், வெட்டி ஒட்டணும். பிளக்குக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டுக்குப் பின்னாடி, ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுச்சுவர்) இடிக்கும். அதை எடுத்துட்டு காயில் பேக் போடணும், அதுக்கு வேற கம்ப்யூட்டர், வேற வயரிங். எல்லாம் முடியும். செஞ்சவங்க இருக்காங்க. ஆனா காசு அங்கேயே கரைஞ்சிடும், பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் மிச்சம் இருக்காது.

கென்ட்டுக்கு ஒண்ணு மட்டும் கட்டாயம் பண்ணு. இந்த நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோலை 2006 ஜனவரியில நிறுத்திட்டாங்க. பழைய இரும்பு ஹெட்ல வால்வ் சீட்டைக் காப்பாத்தினது அந்த ஈயம்தான். இப்போ அது இல்லாம ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வ் கொஞ்சம் கொஞ்சமா ஹெட்டுக்குள்ள இறங்கும், டேப்பெட் இடைவெளி தானா குறைஞ்சுகிட்டே வரும். ஹெட்டைக் கழட்டி கெட்டியான சீட் அடிச்சிடு. ஃபோர்டு கோர்டினா, எஸ்கார்ட், சின்ன பிக்கப் பேன்டம் பக்கின்னு இந்த இன்ஜின் குடும்பம் பெரிசு. சாமான் இன்னைக்கும் ஸ்க்ராப்யார்டுல கிடைக்குது.

மாரிட்ஸ்பர்க் வெல்டர்

ரெண்டு பேரும் இன்ஜினையே புடிச்சுகிட்டு நிக்கறீங்க. தம்பி கேட்ட முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. நான் சொல்றேன்: தகட்டை உரி. முழுக்க உரி.

நான் ஃபேப்ரிகேஷன் வேலையில இருக்கறவ, இந்த மாதிரி ஸ்பேஸ் ஃப்ரேம் (குழாய்க் கூடு) என் கையில வந்திருக்கு. இரும்புக் குழாய் மேல அலுமினியத் தகட்டை ரிவெட் அடிச்சுக் கட்டினதுதான் செவன். ரெண்டு உலோகம் ஒட்டிக்கிட்டு இருக்கும்போது நடுவுல உப்பு ஈரம் புகுந்தா அங்கே சின்ன பேட்டரி ஓட ஆரம்பிக்கும். முதல்ல கரையறது அலுமினியம். ரிவெட் தலையைச் சுத்தி வெள்ளை மாவு மாதிரி கிளம்பும், பெயின்ட் கொப்பளிக்கும். அதுக்குப் பின்னாடி பெயின்ட் உரிஞ்ச இடத்துல குழாயும் துருப்பிடிக்கும். வெளியில பார்த்தா பளபளன்னு இருக்கும். உன் வீடு மெரிபேங்க். கடல் காத்து, பக்கத்துல அப்போ ஓடிக்கிட்டிருந்த ரிஃபைனரி. அந்தக் காத்துலதான் அது தூங்கியிருக்கு.

எங்கே பாக்கணும்னா, சீட்டுக்குக் கீழே, பின் மூலையில, தரைத் தகடும் பக்கத் தகடும் ஒரே குழாய்ல மடிஞ்சு சேர்ற இடம். தண்ணி இறங்கி நிக்கற இடம் அதுதான். கூர்முனை ஸ்க்ரைபர் எடுத்துக் குத்து. நல்ல குழாய்ல முனை வழுக்கும், கெட்டதுல புதையும். அப்புறம் சின்ன சுத்தியால ஒரு ஓரத்துலேர்ந்து தட்டிக்கிட்டே வா. கணீர்னு வர்ற சத்தம் ஒரு இடத்துல மழுங்கினா சாக்பீஸால குறி போடு. இந்தக் குழாயெல்லாம் சாதாரணமா ஒரு இஞ்ச் சதுரம், சுவர் ஒண்ணரை மில்லி சொச்சம்தான். உள்பக்கமிருந்து பாதி தின்னுட்டா மிச்சம் என்ன இருக்கும்? சக்கரத்தைத் தாங்கற விஷ்போன் கையோட பிராக்கெட் பத்தவச்ச இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி, கிராக் காட்டற சிவப்புச் சாயம் தெளிச்சுப் பாரு. ஓடும்போது சக்கரம் கழண்டு போறது அங்கிருந்துதான்.

பவுடர் கோட்டிங் வேண்டவே வேண்டாம். தடிச்ச தோல் அது. கல்லு பட்டு ஒரு இடத்துல விரிசல் விட்டா ஈரம் அடியில ஊர்ந்து போகும், மேல ஒண்ணும் தெரியாது. துரு வந்தா எனக்குத் தெரியணும். டூ-பேக் எப்பாக்ஸி (ரெண்டு டப்பா கலந்து அடிக்கற பெயின்ட்) அடி, லேசான சாம்பல் நிறத்துல. கிராக் விட்டா பழுப்புக் கோடா கண்ணுல படும். தகட்டைத் திரும்ப ஒட்டும்போது நடுவுல பாலியூரித்தேன் சீலன்ட், மூடிய முனை அலுமினிய ரிவெட். ஸ்டெயின்லெஸ் ரிவெட் போடச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதே, அது அலுமினியத்தை இன்னும் வேகமா தின்னும்.

ஃபீனிக்ஸ் நர்ஸ்

நான் வண்டி வேலை தெரிந்தவள் அல்ல. விபத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். எல்லோரும் எப்படிக் கட்டுவது என்று பேசுகிறீர்கள். கட்டி ரோட்டில் விடலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2013 செப்டம்பரில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்லில் லாரி ஒன்று மினிபஸ் டாக்சிகளில் மோதி 24 பேர் இறந்தார்கள். இந்தத் தம்பி போக நினைக்கும் பழைய மெயின் ரோட்டுக்குப் போகும் வழி அந்த ஊர்தான். 600 கிலோ வண்டி, கதவு கிடையாது, ஏர்பேக் கிடையாது, லாரி டிரைவர் கண்ணுக்கு உயரமே தெரியாது. இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் வருகிற டாக்சிக்காரருக்கு உங்கள் தலை பம்பர் மட்டத்தில் இருக்கும். ஆசைக்குத் தடை சொல்லவில்லை. டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டு போய் ஓட்டுங்கள்.

மெரிபேங்க் வாசி

அக்கா, நீங்க சொன்னதை லேசா எடுத்துக்கல. ஆனா டிராக் எங்கே இருக்கு? மாரிட்ஸ்பர்க்ல இருந்த ராய் ஹெஸ்கெத்தை மூடி பல காலம் ஆச்சு. போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸ்ஸி இருக்கு. அதை விட்டா கியாலமி, ஸ்வார்ட்காப்ஸ் ரெண்டும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கற ஹௌடெங் மாகாணத்துல. ஒரு சுத்து ஓட்ட அறுநூறு கிலோமீட்டர் டிரெய்லர் இழுக்கறதுன்னா இந்த வண்டியை வித்துடறதுதான் நியாயம். மோட்டார் சைக்கிள்ல போறவங்களை யாரும் டிராக்குக்குப் போன்னு சொல்றதில்லையே?

ஃபீனிக்ஸ் நர்ஸ்

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் தம்பி. தினமும் சொல்கிறேன். அவர்களாவது ஹெல்மெட் போடுகிறார்கள்.

லெனேசியா இருபது

அக்கா சொல்ற காரணத்துக்கே நான் பவர் கேக்கறேன். லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா சட்டுன்னு தாண்டிப் போக இன்ஜின்ல மூச்சு வேணும். 600 கிலோவுக்கு 165 குதிரைசக்தின்னா டன்னுக்கு 275. தாண்டற நேரம் நல்லாக் குறையும். எதிர்ப்பக்கம் நீ நிக்கற நேரம் குறைஞ்சா ஆபத்தும் குறையுது.

வெல்டர் அக்கா பவுடர் கோட்டிங்கைப் பத்திச் சொன்னது சரியா அடிக்காத கோட்டிங்குக்குப் பொருந்தும். அடியில துத்தநாக பிரைமர் போட்டு அடிச்சா விரிசல் விட்டாலும் அது இரும்பைக் காக்கும். எப்பாக்ஸி மட்டும் கல்லு பட்டா உதிராதா?

மாரிட்ஸ்பர்க் வெல்டர்

உதிரும். உதிர்ந்த இடம் தெரியும், தூரிகையால தொட்டு விடலாம். பவுடர்ல ஒரு பிராக்கெட்டைப் பத்தவைக்கணும்னா சுத்தி எல்லாத்தையும் சுரண்டி எடுக்கணும். துத்தநாக பிரைமரை நான் ஒத்துக்கறேன், மூடின பாடி உள்ள வண்டிக்கும் வீட்டு கேட்டுக்கும் நல்லது. செவன் அப்படியில்ல, வாழ்நாள் பூரா அதுல ஏதாவது ஒண்ணைப் பத்தவச்சுக்கிட்டே இருப்போம்.

நர்ஸ் அக்காவுக்கு: நீங்க சொல்ற ஆபத்து நிஜம், குறைக்க வழியும் இருக்கு. வெறும் அழகு வளையம் இல்லாம, ஓட்டறவர் தலைக்கு மேல நிக்கற ரோல்பார், பின்பக்கம் ரெண்டு கால் ஊன்றி, ஃப்ரேமோட முடிச்சுல பத்தவச்சு. தோள்பட்டை பெல்ட் தோளுக்குப் பின்னாடி ஏறக்குறைய மட்டமா ரோல்பாருக்குப் போகணும். நிறைய பேர் தரையில கட்டறாங்க. மோதும்போது அது தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை நசுக்கும். அதை நீங்க வார்டுலயே பார்த்திருப்பீங்க.

ஃபீனிக்ஸ் நர்ஸ்

பார்த்திருக்கிறேன். முன்பக்கத்திலிருந்து வரும் அடிக்கும், பக்கவாட்டு அடிக்கும் இந்த வளையம் என்ன செய்யும்?

மாரிட்ஸ்பர்க் வெல்டர்

பக்கவாட்டுக்கு அதிகமா ஒண்ணும் செய்யாது. அங்கே இருக்கறது ஒரு குழாயும் ஒரு தகடும்தான். கூடுதலா ஒரு பக்கக் குழாய் பத்தவைக்கலாம். அதுக்கு மேல நான் பொய் சொல்ல மாட்டேன்.

சாட்ஸ்வர்த் தாத்தா

லெனேசியா தம்பி, தாண்டறதுக்கு பவர்னு சொன்னே. பழைய மெயின் ரோட்ல லாரியைத் தாண்டாதே, நின்னு போ. வண்டி நிக்கறதைப் பத்தி ஏன் யாரும் பேசலை?

லேசான வண்டியில பிரேக் சூடே ஏறாது. ரேஸ் பேடு போட்டா குளிர்ல மரக்கட்டை மாதிரி வழுக்கும். சாதாரண மெது பேடு போடு. டயரும் அப்படித்தான், அகலமா போட்டா பாரம் போதாம மழையில மிதக்கும். அந்தக் கராஜ்ல நின்ன டயர்ல பட்டன் நிறைய இருந்தாலும் தூக்கி எறி. சட்டம் 1 மில்லி பட்டன் போதும்னுதான் சொல்லுது, ரப்பர் கல்லாயிட்டதை ரோட்வொர்தி டெஸ்ட்ல எப்பவும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதுசு. டேங்க் உன் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க.

இன்ஜினை மாத்தினா பேப்பர் வேலையும் உண்டு. இன்ஜின் நம்பர் மாறினா போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து, வண்டிப் பதிவு இருக்கற இ-நாட்டிஸ்ல திருத்தணும். எங்கேயிருந்து வாங்கினேன்னு ரசீது காட்டணும். ரசீது இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவா குடுத்தாலும் தொடாதே. ரோட்வொர்தி சீட்டுக்கு 60 நாள்தான் ஆயுசு. கடைசி வேலையா அதை வச்சுக்க, முதல்ல எடுத்துட்டு பாகம் தேடிக்கிட்டு உக்காராதே.

மெரிபேங்க் வாசி

தாத்தா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி டிரைவர் சீட்டைக் கழட்டி, அக்கா சொன்ன மூலையில ஸ்க்ரைபரை வச்சேன். இடதுபக்கம் வழுக்கிச்சு. வலதுபக்கம் புதைஞ்சிடுச்சு, மடிப்புக்குள்ளயிருந்து செதில் செதிலா துரு கொட்டுச்சு. தகட்டை முழுசா உரிக்கறேன். கெட்ட குழாயை வெட்டிப் புதுசு வைக்க அக்காகிட்டயே கொண்டு வர்றேன், இடம் குடுங்க.

இன்ஜின் கென்ட்தான். ஹெட்டுக்கு மட்டும் செலவு பண்றேன். ரோல்பார், பெல்ட், பக்கக் குழாய் மூணும் உண்டு. நர்ஸ் அக்கா, பைன்டவுன் மேட்டை விட்டுட்டு, ஹில்க்ரெஸ்ட் வரைக்கும் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போய் அங்கேயிருந்து ஓட்டறேன். இது போதுமா?

ஃபீனிக்ஸ் நர்ஸ்

போதாது. ஆனால் முன்பு சொன்னதைவிட நல்லது. மழை நாளில் எடுக்காதீர்கள், தனியாகப் போகாதீர்கள்.

லெனேசியா இருபது

கென்ட்டுன்னு முடிவு பண்ணிட்டே, சரி. என் கருத்து மாறலை. ரெண்டு வருஷத்துல நீயே 20 வால்வ் கேப்பே. இன்ஜின் மவுன்ட் ரெண்டு வகைக்கும் சேர்த்து இப்பவே பத்தவச்சு வைக்கச் சொல்லு.

மாரிட்ஸ்பர்க் வெல்டர்

அதுல மட்டும் லெனேசியா தம்பி கூட நான் ஒத்துப்போறேன். பெயின்ட் அடிச்சப்புறம் வந்து கேக்காதே. 4ஏஜிஇ பிளாக் ஒண்ணு, பெல்ஹவுசிங்கோட, அளவு எடுக்க வேணும். உன்கிட்ட இருந்தா அனுப்பு தம்பி. சனிக்கிழமை ஃப்ரேம் வந்தா ஜிக்ல (அசையாம புடிக்கற சட்டம்) ஏத்தி முதல்ல மூலைவிட்டம் அளக்கறேன், குழாயை வெட்டறது அதுக்கப்புறம்தான்.