நல்லூர்த் திருவிழா முடியச் சிவந்த இஞ்சிப்பூ

குழு: வளவும் வீடும்
சனிக்கிழமை

காலை 6:48 | நான்
(படம்) மூன்றாவது பூவும் சிவந்துவிட்டது! நல்லூர்க் கொடியேற்றத்தன்று பச்சை முகையாக இருந்தது. இன்று கிணற்றடிக்குப் போகும்போது பார்க்கிறேன், நல்ல செந்நிறம். மெல்ல அழுத்திப் பார்த்தேன். உள்ளங்கை நிறையத் தண்ணீர் வந்தது. வாசனை இன்னும் கையில் இருக்கிறது.

காலை 6:55 | உரும்பிராய் மாமி
பிள்ளை, இது என்ன? அன்னாசிப் பிஞ்சு போல இருக்கிறதே.

காலை 6:57 | நான்
இஞ்சிக் குடும்பத்துச் செடி மாமி. காட்டு இஞ்சி என்பார்கள். இதன் தண்ணீரைத் தலைக்குப் பூசுவதால் ஷாம்பூ இஞ்சி என்றும் பெயர். சின்னம்மா கண்டியிலிருந்து இரண்டு கிழங்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அதன் பிள்ளைகள்தான் இவை.

காலை 7:01 | சின்னம்மா (கண்டி)
அட, யாழ்ப்பாணத்து வெயிலில் பிழைத்துவிட்டதா! இங்கே வேலியோரத்தில் களை போலப் பரவிக் கிடக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சும்மா ஆசைக்குத்தான் தந்தேன் பிள்ளை, வளரும் என்று நினைக்கவில்லை.

காலை 7:03 | அம்மா
வளர்ந்ததா? சென்ற தை மாதம் நான் அந்தச் சாடியைக் கவிழ்த்து மண்ணை வாழைக்குப் போடப் போனேன். இலை எல்லாம் மஞ்சளாகி, காய்ந்து, தண்டும் விழுந்து, வெறும் சாடிதான் இருந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காலை 7:05 | நான்
நான் ஓடிவந்து மறித்தேன், நினைவிருக்கிறதா அம்மா? மண்ணைக் கிளறிப் பார்த்தால் கிழங்கு கல்லுப் போல உறுதியாக இருந்தது. அது சாகவில்லை, தூங்கியது. ஒவ்வொரு வருடமும் சில மாதம் நிலத்துக்கு மேலே ஒன்றும் இல்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும். சாடியைக் கோடிப்புறத்தில் மழை படாமல் வைத்தேன், மறந்தும் தண்ணீர் விடவில்லை. சித்திரைச் சிறுமாரி ஒரு தரம் பெய்த பிறகு பார்த்தால் ஊசி போல மூன்று குருத்து. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

காலை 7:12 | மச்சாள் (ரொறன்ரோ)
இங்கே இன்னும் வெள்ளி இரவு. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்தேன். மச்சாள், இதுதானா அவபூஹி? கடையில் பால் மிட்செல் ஷாம்பூப் போத்தலில் இந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஹவாய்ப் பூ என்று நினைத்தேன்.

காலை 7:16 | தம்பி (கிளிநொச்சி)
அதுதான் மச்சாள். அவபூஹி என்பது ஹவாய்க்காரர்களின் பெயர். ஆனால் செடியின் ஊர் எங்கள் பக்கம், ஆசியா. பல நூற்றாண்டுகளுக்கு முன் பொலினீசியர்கள் தீவு தீவாகக் குடியேறியபோது, உணவுக்கும் மருந்துக்கும் வேண்டிய கிழங்குகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவற்றில் இதுவும் ஒன்று. பால் மிட்செல் நிறுவனம் 1980 இல்தான் தொடங்கியது. அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே அங்குள்ள பெண்கள் பூவைத் தலைக்கு மேலே பிடித்துப் பிழிந்து குளித்தவர்கள்.

காலை 7:18 | உரும்பிராய் மாமி
கடல் கடந்து போன கிழங்கு கண்டியிலேயே கிடக்கிறதாம்! பிள்ளை, நான் இன்றைக்குப் பின்னேரம் வருகிறேன். ஒரு துண்டு கிள்ளித் தா.

காலை 7:20 | நான்
மாமி, கோபிக்காதீர்கள், இப்போது கிள்ள மாட்டேன். பூ நிற்கிற நேரத்தில் கிழங்கை வெட்டினால் தாயும் வாடும், பிள்ளையும் பிடிக்காது.

காலை 7:21 | உரும்பிராய் மாமி
இஞ்சி எப்போது வெட்டினாலும் வளரும். நான் எத்தனை வருடம் மஞ்சளும் இஞ்சியும் வைத்தவள்!

காலை 7:23 | தம்பி (கிளிநொச்சி)
நீங்கள் வைத்ததும் கிழங்கு தூங்கி எழும்புகிற நேரத்தில்தானே மாமி? அதே கணக்குத்தான் இதற்கும்.

காலை 7:29 | உரும்பிராய் மாமி
சரி, பொறு. என்னிடமும் ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் வீதியோரத்தில் ஒருவர் ஷாம்பூ இஞ்சி என்று சொல்லி 800 ரூபாய்க்குத் தந்தார். வடிவான செடி. ஆனால் பூவைப் பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. (படம்)

காலை 7:34 | தம்பி (கிளிநொச்சி)
மாமி, பூங்கொத்து இலைத்தண்டின் நுனியிலிருந்து தொங்குகிறது, பாருங்கள். வெள்ளை மொட்டுகள், சிப்பி போல, நுனியில் இளஞ்சிவப்பு. இது சிப்பி இஞ்சி. இதன் தாவரவியல் பெயர் அல்பீனியா ஸெரும்பெட், அக்காவின் செடி ஸிஞ்சிபர் ஸெரும்பெட். கடைசிப் பெயர் ஒன்றாக இருப்பதால் விற்பவர்களும் மாறிப்போகிறார்கள். உங்களுடையது அழகுக்கு நல்லது, தலைக்கு அல்ல.

காலை 7:36 | உரும்பிராய் மாமி
800 ரூபாய்!

காலை 7:41 | நான்
இனி வாங்கினால் ஏமாறாதபடி சொல்கிறேன். உண்மையான செடியில் இலைத்தண்டு தனி, பூத்தண்டு தனி. பூத்தண்டு இலையே இல்லாமல் நேராக மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும். அதன் தலையில் கூம்பு, செதில் செதிலாக அடுக்கிய மாதிரி. முதலில் பச்சை, பிறகு சிவப்பு. எல்லோரும் பூ என்று சொல்வது உண்மையில் அந்தச் செதில்கள்தான். அசல் பூ வெளிர் மஞ்சளில் சின்னதாக இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும், ஒரு நாளில் வாடிவிடும். தண்டைச் சுற்றி இலை படிக்கட்டுப் போலச் சுழன்று ஏறினால் அது வேறு செடி. வெள்ளைப் பூ தண்டின் உச்சியில் மல்லிகை போல மணத்தால் அதுவும் வேறு.

காலை 7:44 | மச்சாள் (ரொறன்ரோ)
மச்சாள், நேராகவே கேட்கிறேன். பிள்ளை பிறந்து நான்கு மாதம். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. குளிக்கும்போது தண்ணீர் போகிற வழியே அடைத்துவிடுகிறது. அழுகையே வருகிறது. இது பூசினால் நிற்குமா?

காலை 7:50 | நான்
என் தங்கமே, அழாதே. நிற்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். இது முடியை வளர்க்கிற மருந்து இல்லை. தலையைக் கழுவி, முடியை வழுவழுப்பாக, சிக்கில்லாமல் வைக்கிற தண்ணீர், அவ்வளவுதான். பிள்ளை பெற்ற பிறகு மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுவது பலருக்கும் நடப்பது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உதிராமல் நின்ற முடியெல்லாம் சேர்ந்து உதிர்கிறது. அனேகமாகப் பிள்ளைக்கு ஒரு வயதாவதற்குள் பழையபடி அடர்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகும் கொட்டினால், அல்லது மிகவும் களைப்பாக இருந்தால், டொக்டரிடம் இரத்தத்தைப் பார்க்கச் சொல். இரும்புச் சத்துக் குறைந்தாலும் தைராய்டு மாறினாலும் முடி கொட்டும்.

காலை 7:52 | அம்மா
நேரத்துக்குச் சாப்பிடு மகள். நான் உன் அம்மாவிடம் சொல்லி, பிள்ளை பெற்றவர்களுக்குச் சமைக்கிற சரக்குத்தூள் அனுப்புகிறேன்.

காலை 7:53 | மச்சாள் (ரொறன்ரோ)
சரி மாமி. இதைக் கேட்கவே மனம் கொஞ்சம் ஆறுகிறது.

காலை 8:10 | சின்னம்மா (கண்டி)
நீ எப்படிப் பூசுகிறாய் பிள்ளை? இங்கே வைத்திருக்கிற எனக்கே தெரியாது!

காலை 8:19 | நான்
கூம்பை வெட்டுவதில்லை சின்னம்மா. செடியில் இருக்கும்போதே கையால் பொத்திப் பிடித்து மேலிருந்து கீழே மெல்ல அழுத்துவேன், ஒரு கிண்ணத்தைக் கீழே பிடித்துக்கொண்டு. வழவழவென்று நிறமில்லாத தண்ணீர் வரும், இஞ்சி மணத்தோடு ஏதோ பூ மணமும் கலந்து. சில நாள் விட்டுப் பார்த்தால் மறுபடி ஊறியிருக்கும். ஆனால் எறும்பும் சின்னப் பூச்சியும் செதிலுக்குள் குடியிருக்கும், அதனால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டாமல் தலையில் வைக்கவே கூடாது. என் தலைக்கு மூன்று கூம்பின் தண்ணீர் வேண்டும்.

காலை 8:24 | நான்
ஷாம்பூ போல நுரை பொங்காது. நல்லெண்ணெய் வைத்த தலையில் இது ஒன்றுமே செய்யாது, எண்ணெய் அப்படியே நிற்கும். எண்ணெய் வைத்தால் முதலில் சீயாக்காயோ அரப்போ போட்டுத் தோய்ந்துவிட்டு, கடைசியில் இதைப் பூசிப் பத்து நிமிடம் விட்டு அலசுவேன். முதல் தரம் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார்த்தேன், அரித்தால் பாவிக்கக் கூடாது. கண்ணில் படவும் விடாதீர்கள். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள்தான் வைப்பேன், பிறகு மணம் மாறிவிடுகிறது.

காலை 8:31 | அம்மா
எங்கள் அம்மா மழைத் தண்ணீரில்தான் தலை தோய்வார். கூரையிலிருந்து ஓடி வருகிற முதல் தண்ணீரை விட்டுவிட்டு, இரண்டாவது மழையைப் பீப்பாயில் பிடிப்பார். கிணற்றடியில் செவ்வரத்தை இலையைக் கசக்கிக் கசக்கி எங்கள் மூன்று பேருக்கும் தேய்ப்பார். பின்னல் முழங்கால் வரை இருக்கும் அவருக்கு. 1995 போர் இடப்பெயர்வில் அந்த வீட்டை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது செவ்வரத்தையும் இல்லை, பீப்பாயும் இல்லை.

காலை 8:33 | சின்னம்மா (கண்டி)
அக்கா, அந்த நீலப் பீப்பாய்! நான் அதற்குள் விழுந்தேனே, நீங்கள்தானே பின்னலைப் பிடித்து இழுத்தீர்கள்.

காலை 8:40 | தம்பி (கிளிநொச்சி)
அம்மம்மா செய்தது சரியான வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. அதில் சவர்க்காரம் போட்டால் நுரைக்கு முன் வெள்ளைப் படிவு வரும், அது முடியில் ஒட்டும். மழைத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு இல்லை.

காலை 8:41 | நான்
செடிக்கும் அதே கதைதான் தம்பி. முதல் வருடம் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே ஊற்றினேன். இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. நீதானே சுண்ணாம்பு கூடினால் வேர் இரும்பை எடுக்க முடியாது என்று சொன்னாய். இப்போது மாரியில் பிடித்த தண்ணீரை மூடி வைத்து, அது முடிந்த பிறகுதான் கிணற்றுத் தண்ணீர். சாடியில் செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலைக்குப்பை இரண்டு பங்கு, காய்ந்த மாட்டெரு ஒரு பங்கு. சருகு மூடாக்கு எப்போதும் இருக்கும்.

காலை 8:46 | உரும்பிராய் மாமி
வெயில்?

காலை 8:51 | நான்
அதுதான் பெரிய பாடு மாமி. காட்டில் மரத்தடியில் வளர்கிற செடி இது. வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியதும் இலை விளிம்பெல்லாம் கருகியது, காற்று ஈரத்தை அப்படியே உறிஞ்சி எடுக்கிறது. மாமரத்துக்குக் கீழே, கிணற்றுக் கட்டின் மறைவுக்கு மாற்றி, தெற்குப் பக்கம் இரண்டு கிடுகு கட்டினேன். காலை வெயில் மட்டும் படும். தினமும் தண்ணீர், சில நாள் இரண்டு தரம். இப்போது என் தோளுக்கு மேல் நிற்கிறது.

காலை 8:55 | அம்மா
சாடிக்குக் கீழே தட்டு வைக்காதே என்றும் சொல்லு. மழை தொடங்கினால் டெங்கு.

காலை 8:57 | நான்
ஆமாம், தட்டு வைப்பதே இல்லை. மூன்று செங்கல்லின் மேல் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தில் இருந்திருந்தால் கிழங்கு அழுகியிருக்கும். மழை தொடங்கினால் கூம்பின் செதிலுக்குள்ளும் தண்ணீர் நிற்கும், அதனால் மழை விட்ட உடனே பிழிந்துவிடுவேன்.

காலை 9:02 | மச்சாள் (ரொறன்ரோ)
இங்கே வளர்க்க முடியுமா மச்சாள்?

காலை 9:06 | தம்பி (கிளிநொச்சி)
சாடியில் முடியும். பனிக்காலத்தில் அது தூங்கட்டும், உறைபனி படாத இடத்தில், காய்ந்த மண்ணில். வசந்தத்தில் வீட்டுக்குள் யன்னலோரம் முளைக்க விட்டு, குளிர் முழுதும் போன பிறகு வெளியே வைக்கலாம். ஆனால் அங்குள்ள கோடை குறுகியது. கூம்பு வருவதற்குள் குளிர் வந்துவிடலாம், அதற்குத் தயாராக இரு. கிழங்கை எங்களிடமிருந்து பொதியில் எடுக்காதே, மண்ணும் கிழங்கும் சுங்கத்தில் மறிப்பார்கள். அங்கேயே கிழங்கு விற்பவர்களிடம் தேடு.

காலை 9:15 | அம்மா
பிள்ளை, இந்தக் கிழங்கைத் தேத்தண்ணீரில் போடலாமா? இஞ்சிதானே.

காலை 9:16 | நான்
வேண்டாம் அம்மா, கசக்கும். குசினி இஞ்சி வேறு, இது வேறு. இலையை வேண்டுமானால் மீன் சுற்றிச் சுடப் பாவிக்கலாம், ஹவாயில் அப்படிச் செய்வார்களாம்.

காலை 9:18 | உரும்பிராய் மாமி
அப்போது எனக்குக் கிழங்கு எப்போது?

காலை 9:22 | நான்
தைப்பொங்கல் முடியட்டும் மாமி. அப்போது இலை விழுந்து கிழங்கு தூங்கியிருக்கும். நானே கிண்டி, மூன்று கண் உள்ள நல்ல துண்டாக வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒரு கிழமை காயவைத்துத் தருகிறேன். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். பங்குனி முடியும் வரை முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்கவும் கூடாது.

காலை 9:24 | உரும்பிராய் மாமி
தோண்ட மாட்டேன். ஆனால் இன்று பின்னேரம் வருவது வருவதுதான். அந்தத் தண்ணீரை ஒரு தரமாவது தலையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காலை 9:25 | நான்
வாருங்கள் மாமி. மற்ற இரண்டு கூம்பையும் உங்களுக்கென்று பிழியாமல் வைத்திருக்கிறேன். எண்ணெய் மட்டும் வைத்துக்கொண்டு வராதீர்கள்.