பீரியட் நிண்ட பிறகு அவ்விடத்துல கடி, எரிவு, வறட்சி: உங்களுக்கு என்ன செஞ்சு சுகம் வந்திச்சி?

கல்லடிக்காரி:
எனக்கு 52 வயசு, பீரியட் நிண்டு ரெண்டு வருசத்துக்கு மேல. உடம்பு திடீரெண்டு சூடேறுறது, ராவையில வேர்த்துக் கொட்டுறது எல்லாம் ஒருமாதிரி அடங்கி வருது எண்டு நிம்மதியா இருக்கக்குள்ளதான் இது தொடங்கிச்சி. அவ்விடம் காஞ்சு போய் நடக்கக்குள்ள உரசுது, கதிரையில இருந்தா எரியுது, பின்னேரம் ஆனா கடி தாங்க ஏலா, ஒண்டுக்குப் போய் வந்தா அதுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் எரிஞ்சுகொண்டே இரிக்கும். கச்சான் எண்ட காஞ்ச காத்து அடிக்கிற மாசங்கள்ல கேக்கவே வேணாம்.

அம்மா வேப்பிலை அவிச்ச தண்ணியில கழுவச் சொன்னா, பெரியம்மா உடம்புச்சூடு எண்டு நல்லெண்ணெய் வச்சி முழுகச் சொன்னா. பாமசியில நிண்ட தம்பியிட்ட விளக்கமாச் சொல்ல வெக்கம், "கடிக்கு ஒரு கிறீம்" எண்டு கேட்டதும் பங்கசுக்குப் பூசுற டியூப் ஒண்டத் தந்தார். பூசின நேரம் ஒள்ளுப்பம் குளிரும், மறுகா அதே கடிதான்.

மகள் புள்ளத்தாச்சியா இருந்ததால எங்கட ஏரியா மிட்வைஃப் மிஸ் வீட்ட வந்து போறவ. ஒருநாள் குசினிக்குள்ள கூப்பிட்டு மெல்லக் கேட்டன். "அக்கா இது வயசுக்கு வாறதுதான், ஆனா சும்மா தாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்ல, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோர்ல வெல் வுமன் கிளினிக் இரிக்கி வாங்க" எண்டா. அங்க பார்த்த டொக்டர் முதல்ல சீனி பார்க்கச் சொன்னா, மூத்திரம் டெஸ்ட் பண்ணச் சொன்னா, மறுகா படுக்க வச்சிப் பார்த்தா. இந்தப் பார்க்கிற விசயத்துக்குப் பயந்துதான் நம்மட பொண்டுகள் அரைவாசிப்பேர் போறதில்ல, அது ஒரு அஞ்சு நிமிசக் கதை.

அவ சொன்ன விளக்கம் இதுதான். எஸ்ட்ரஜன் ஹோர்மோன் குறைஞ்சதும் உள்ளுக்கு இருக்கிற தோல் மெலிஞ்சி ஈரம் சுரக்கிறது குறையுமாம். அங்க இருந்து காவல் காக்கிற நல்ல பக்றீரியாவும் குறைஞ்சிரும், அதோட அவ்விடத்துப் புளிப்புத்தன்மை போயிரும், பிறகு கடி, எரிவு, அடிக்கடி மூத்திரக் கிருமி எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரும். உடம்பு சூடேறுறது காலம் போக அடங்கும், இது அப்பிடி இல்ல, விட்டா கூடத்தான் செய்யும் எண்டு சொல்லி ஆஸ்பத்திரியில பொம்புளையள்ட வருத்தம் பார்க்கிற டொக்டருக்குத் துண்டு எழுதித் தந்தா. அங்க தந்தது எஸ்ட்ரியோல் கிறீம், அதுவும் எஸ்ட்ரஜன்ல ஒரு வகைதான். தொடக்கத்துல ரெண்டு மூணு கிழமை ஒவ்வொரு ராவும் படுக்கைக்குப் போகக்குள்ள உள்ளுக்கு வைக்க வேணும், மறுகா கிழமைக்கு ரெண்டு தரம். அடுத்த நாளே சுகம் வரும் எண்டு நினைச்சா ஏமாந்துதான் போவீங்க. முதல்ல எரிவு குறைஞ்சி, பிறகு கடி குறைஞ்சி, இப்ப சாறி கட்டி நாள் முழுக்க நிக்க ஏலும் எனக்கு. ஒரு கேள்வி மட்டும் இரிக்கி, இத எவ்வளவு காலத்துக்கு வைக்கலாம்? பெட்டிக்குள்ள இருக்கிற கடதாசியில புற்றுநோய் எண்டெல்லாம் போட்டிருக்கு, வாசிச்சிப் பயந்து போனன்.

ரிட்டயர்ட் நேர்ஸ் அம்மா:
மகள், அந்தக் கடதாசியில இருக்கிற பயம் பெரும்பாலும் வாயால குடிக்கிற ஹோர்மோன் குளிசைய வச்சி எழுதினது. 2002ல அமெரிக்காவுல பெரிய ஆராய்ச்சி ஒண்டு வெளிய வந்து உலகம் முழுக்கப் பொண்டுகள் ஹோர்மோன் எண்டாலே ஓடினாங்க, அதுல பார்த்ததும் குளிசையத்தான். உள்ளுக்கு வைக்கிற கிறீம்ல அளவு மிச்சம் குறைவு, ரத்தத்துல சேருறதும் கொஞ்சம். அதால டொக்டர்மார் வருசக்கணக்காவும் வைக்கச் சொல்றாங்க, நிப்பாட்டினா பழைய வறட்சி திரும்பி வாறதுதான் வழமை. ஆனா நீங்களா கூட்டிக் குறைக்காம கிளினிக்ல காட்டிக்கொண்டு வையுங்க.

நான் வேலை செஞ்ச காலத்துல கண்டதச் சொல்றன். கடி எண்டு வாற பத்துப் பொம்புளையில எட்டுப் பேராவது சவுக்காரமும் கிருமிகொல்லித் தண்ணியும் போட்டு உரஞ்சிக் கழுவிப்போட்டுத்தான் வருவாங்க, ஊத்தையாலதான் கடிக்குது எண்டு ஒரு நினைப்பு. வயல் கச்சானுக்கு வெடிச்சுக் கிடக்கக்குள்ள அதுல உப்புத்தண்ணி பாய்ச்சின கணக்குத்தான் அது. வெறும் தண்ணி போதும், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். உள்ளுக்கு விட்டுக் கழுவவே கூடாது. வாசப் பவுடர், வாசமுள்ள பேட், நைலோன் உள்ளுடுப்பு எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு கொட்டன் போடுங்க, ராவைக்கு ஒண்டும் போடாம சாரத்தோடயோ சட்டையோடயோ படுத்தாலும் நல்லம். வேப்பிலைத் தண்ணியால மெலிஞ்ச தோல் தடிக்கப் போறதில்ல மகள், அம்மாட மனம் நோகாமச் சொல்லுங்க.

இன்னொண்டு, பீரியட் நிண்டு ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வறட்சியாலதான் எண்டு நீங்களே முடிவெடுக்காதீங்க. அநேகமா வறட்சியாத்தான் இருக்கும், ஆனா கர்ப்பப்பை புற்றுநோயும் அப்பிடித்தான் காட்டும், ஸ்கேன் பண்ணிப் பார்த்தே ஆக வேணும்.

பாலமுனை ராத்தா:
எனக்கு நடந்தது வேற மாதிரி, அதால செல்றன். எனக்கும் கடிதான், ஆனா வெள்ளையா திரண்டு படுது, வெளிப்பக்கம் செவந்து வீங்கி ஈக்கி. வயசுக்குத்தான் எண்டு நானும் இருந்தன். கிளினிக்ல பார்த்தா சீனி ஏறிப்போய்க் கிடக்கு, அதோட அதுக்கு முந்தின மாசம் சீனிக்குப் புதுக் குளிசை ஒண்டு மாத்தித் தந்திருந்தாங்க, எம்பாக்லிஃப்ளோசின் எண்டு பேர், அது சீனிய மூத்திரத்தால வெளியேத்துற மருந்தாம், அந்தச் சீனியில பங்கஸ் நல்லா வளருமாம். எனக்குப் பங்கஸ் மருந்துதான் சரி வந்திச்சி, உள்ளுக்கு வைக்கிற குளிசை. சீனிக் குளிசைய நானா நிப்பாட்டல்ல, டொக்டரிட்டச் செல்லித்தான் மாத்தினன். சீனி வருத்தம் ஈக்கிற ஆக்கள் முதல்ல அதப் பாருங்க, கல்லடித் தங்கச்சிக்கு வேலை செய்யாத டியூப் எனக்கு வேலை செஞ்சிச்சி, என்ட கடிக்கு அவட கிறீம் சரிவராது.

இதோட தொழுகைக்கு ஒளு எடுக்க முன்ன கழுவுறதும் பெரிய கரைச்சல். அஞ்சு நேரமும் கழுவணும், கழுவக் கழுவ எரியும். நான் தண்ணியால மெல்லக் கழுவி மெல்லிய துணியால ஒத்தி எடுத்துட்டு வெளிப்பக்கம் தேங்காண்ணெய் ஒள்ளுப்பம் தொட்டு வைப்பன். உரசுறது குறையும்.

திருக்கோவில் பொண்டு:
வாசிக்க வாசிக்க அழுக வருது எனக்கு. என்ட அவர் சண்டைக் காலத்துல போனவர், புள்ளைகள தனிய வளர்த்து ஆளாக்கினன். இந்த வருத்தத்துக்கு காசு கட்டி ஒரு இடத்துல காட்டினா, அங்க இருந்தவர் தாளப் பார்த்துப்போட்டு "புருசன் இல்லத்தானே, பிறகு உங்களுக்கு இதால என்ன பிரச்சினை" எண்டு கேட்டார். ஒண்டும் பேசாம எழும்பி வந்துட்டன். எனக்குக் கடிக்கிறது வயல்ல குனிஞ்சு நிக்கக்குள்ள, பஸ்ஸுல இருந்து போகக்குள்ள, ராவு படுக்கக்குள்ள. அதுக்கும் புருசனுக்கும் என்ன?

ரிட்டயர்ட் நேர்ஸ் அம்மா:
திருக்கோவில் தங்கச்சி, அந்தக் கதை கதைச்ச ஆளுக்குத்தான் வெக்கம் வர வேணும். புருசன் இருந்தாலும் இல்லாட்டியும், கலியாணமே கட்டாத ஆளா இருந்தாலும் இந்த வறட்சி வரும், மருந்தும் ஒண்டுதான். உங்கட ஏரியா மிட்வைஃபக் கேளுங்க, வெல் வுமன் கிளினிக் 1996ல இருந்து நடக்குது, காசு இல்ல. 35 வயசுலயும் 45லயும் கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குச் சோதிக்கிறது அங்கதான், மார்பும் பிரசரும் சீனியும் பார்ப்பாங்க. கலியாணம் கட்டின ஆக்களுக்கு மட்டும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

களுதாவளை டீச்சர்:
என்ட கதையும் ஒருக்கா வாசிங்க, ஏனெண்டா இத ஒருத்தரும் கதைக்கிறதில்ல. எனக்குக் கடி ராவையிலதான், நித்திரைய முழுசாத் திண்டுபோடும். வறட்சி எண்டு கிறீம் தந்து வச்சும் அசையல்ல. மறுகா தோல் டொக்டரிட்ட அனுப்பினாங்க. அவ பார்த்த உடனயே சொன்னா, தோல் வெள்ளை வெள்ளையாக் கிடக்கு, கடதாசி கசங்கின கணக்குச் சுருங்கிக் கிடக்கு, இது லைக்கன் ஸ்கிளரோசஸ் எண்டு. ஒட்டுறதும் இல்ல, ஊத்தையால வாறதும் இல்ல. இதுக்கு எஸ்ட்ரஜன் கிறீம் மட்டும் காணாது, குளோபெட்டசோல் எண்டு கடுமையான ஸ்டீரொயிட் களிம்பு, முதல் மாசம் ஒவ்வொரு ராவும், அடுத்த மாசம் ஒண்டவிட்ட ஒருநாள், மறுகா கிழமைக்கு ரெண்டு தரம், கொஞ்சமா, கடிக்கிற இடத்துல மட்டும். ஸ்டீரொயிட் எண்டதும் அக்கா தங்கச்சிமார் எல்லாரும் பயம் காட்டினாங்க, ஆனா இந்த வருத்தத்துக்கு இதுதான் மருந்து. கவனிக்காம விட்டா தோல் ஒட்டி வாசல் சுருங்கும், சிலருக்கு மட்டும் புற்றுநோயா மாறுற சந்தர்ப்பமும் இரிக்கி, அதால வருசா வருசம் காட்டச் சொல்லியிருக்கா. வெள்ளையாத் தெரியுதா எண்டு ஒரு சின்னக் கண்ணாடிய வச்சி நீங்களே பார்க்கலாம், பார்க்கிறதுல ஒரு பாவமும் இல்ல.

செங்கலடி:
மார்புப் புற்றுநோய் வந்து மருந்து எடுக்கிற ஆக்கள் ஆரும் இத வாசிச்சா, மேல சொன்ன ஹோர்மோன் கிறீம நீங்களா வாங்கி வைக்காதீங்க. நான் லெட்ரொசோல் குடிக்கிறன், அந்தக் குளிசையே எஸ்ட்ரஜன அடியோட குறைக்கிறதால வறட்சி இன்னும் கூட. என்ட புற்றுநோய் டொக்டர் முதல்ல ஹோர்மோன் இல்லாத ஜெல் பாவிச்சிப் பார்க்கச் சொன்னார், ஹயலூரோனிக் அசிட் போட்டது, மூணு நாளைக்கு ஒருக்கா உள்ளுக்கு வைக்கிறது. இஞ்ச கேட்டுக் கிடைக்கல்ல, கொழும்புல இருந்து தம்பிட்டச் சொல்லி எடுப்பிச்சன், விலைதான் கொஞ்சம் கூட. முழுசாச் சுகம் எண்டு சொல்ல மாட்டன், நடந்து திரிய ஏலும்.

கட்டார்காரர்ட மனிசி:
எல்லாரும் கடியக் கதைக்கிறீங்க, நான் மற்றதக் கேக்கிறன், பேர் தெரியாது தானே 😅 இவர் லீவுல வந்து நிக்கிறார், சேரக்குள்ள கத்தி வச்சாப்போல நோகுது, எனக்கு விருப்பமில்ல எண்டு அவர் நினைச்சிக் கோவிக்கிறார்.

கல்லடிக்காரி:
கட்டார் தங்கச்சி, டொக்டர் சொன்னத அப்பிடியே சொல்றன். பாமசியில தண்ணியில செஞ்ச லூப்ரிகன்ட் ஜெல் எண்டு கேளுங்க, அது அந்த நேரத்துக்குப் பூசுறது. வழுக்கிறதுக்கு மட்டும்தான், வறட்சிய மாத்தாது, அதுக்கு மற்றக் கிறீம் வேற. ஆணுறை பாவிக்கிறீங்க எண்டா தேங்காண்ணெயோ வாசலினோ பூசாதீங்க, எண்ணெய் பட்டா ரப்பர் கிழிஞ்சி போகும். எஸ்ட்ரியோல் கிறீமயும் சேரப்போற நேரம் பூசுறது இல்ல. அவரிட்ட இது ஹோர்மோன் குறையுறதால வாறது எண்டு வெளிப்படையாச் சொல்லிருங்க, என்ட ஆளுக்கு நான் சொல்லுற வரைக்கும் விளங்கவே இல்ல.

பாலமுனை ராத்தா:
ஒரு கேள்வி, நோம்பு நேரம் உள்ளுக்கு வைக்கிற மருந்துகள என்ன செய்ற எண்டு எங்கட ஊர்ல நிறையப் பேர் கேக்கிறாங்க.

ரிட்டயர்ட் நேர்ஸ் அம்மா:
மார்க்கத்த நீங்க மௌலவியிட்டக் கேளுங்க ராத்தா, மருந்துப் பக்கத்த மட்டும் நான் சொல்றன். ராவையில வைக்கிற மருந்து தானே, நோம்பு திறந்த பிறகு படுக்கைக்குப் போகக்குள்ள வச்சாச் சரி, மருந்துக்கு ஒரு குறையும் வராது.