போர் முடிந்ததும் படைவீரர்கள் ஏன் படகோட்டப் போனார்கள்?

குருநகரான்:
மெல்பேணில் படிக்கிற என் அக்காவின் மகன் பள்ளிக்கூட அணியில் துடுப்பு வலிக்கிறான். நேற்றுக் கதைக்கும்போது ‘கிங்ஸ் கப்’ என்று ஒன்றைச் சொன்னான். முதலாம் உலகப்போர் முடிந்ததும் பட்டாளத்துக்காரர் வென்ற கிண்ணமாம். சண்டை முடிந்த கையோடு வீட்டுக்குப் போகாமல் எதற்காகப் போட்டிக்கு நின்றார்கள்?

ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், வட்டுக்கோட்டை:
தம்பி, போக மனமில்லாமலா? கப்பல் இல்லை. 1918 நவம்பரில் சண்டை ஓய்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியப் படையினர் ஐரோப்பாவில் நின்றார்கள். எல்லாரையும் ஏற்றி அனுப்ப மாதக்கணக்கானது. அதுவரை பொழுது போக வேண்டுமே என்று படிப்பு, விளையாட்டு எல்லாம் ஒழுங்கு செய்தார்கள்.

தேம்ஸ் ஆற்றில் நடக்கும் ஹென்லிப் போட்டி போரால் நின்றுபோயிருந்தது. 1919 ஜூலையில் அதைச் சமாதானப் போட்டியாக நடத்தினார்கள். படையினரின் எட்டுப்பேர் படகுகளுக்கு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கிண்ணம் கொடுத்தார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா, பிரான்ஸ் படைகள் வந்தன. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜில் இருந்த படைவீரர்களும் இறங்கினார்கள். இறுதி ஓட்டத்தில் ஆஸ்திரேலியா ஒக்ஸ்போர்டை ஒரு படகு நீளத்தால் வென்றது. வென்ற படகில் மற்ற ஏழு பேருக்கும் வேகம் பிடித்துக் கொடுத்த கிளைவ் டிஷர் ஒரு பட்டாள டாக்டர்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். கிண்ணத்தைப் போர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் நின்றது. படகோட்டிகள் விடவில்லை, மன்னருக்கே விண்ணப்பம் போட்டார்கள். அவரும் போட்டிக்கே போகட்டும் என்றார். இன்றைக்கும் ஆஸ்திரேலிய மாநிலங்களின் ஆண்கள் எட்டுப்பேர் ஓட்டத்துக்கு அதுதான் கிண்ணம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் உங்கள் மருமகன் வாயில் அந்தப் பெயர் வந்திருக்குமா?

பாசையூர்க் கடலோடி:
வாத்தியார், ஆளுக்கு இரண்டு துடுப்பா? எல்லாரும் அணியத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கிறதைப் படத்தில் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், வட்டுக்கோட்டை:
ஆளுக்கு ஒன்றுதான், இரண்டு கையாலும் பிடிப்பது. இருக்கை தண்டவாளம் மாதிரி ஒன்றில் முன்னும் பின்னும் ஓடும், அதனால் பாதி வேலையைக் காலே செய்துவிடும். சுக்கான் பிடிக்கிற ஒன்பதாவது ஆளுக்கு மட்டும்தான் முன்னால் இருப்பது தெரியும். அவர் சொல்வதை நம்பித்தான் எட்டுப்பேரும் வலிக்க வேண்டும். ஹென்லியில் ஒரு ஓட்டத்துக்கு இரண்டு படகு மட்டும்தான், எனவே தோற்றவர் அன்றே வெளியே.

குருநகரான்:
மிக்க நன்றி ஐயா. ஜெர்மன்காரரைச் சேர்த்தார்களா?

ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், வட்டுக்கோட்டை:
1919இல் இல்லை. நூறாண்டு நிறைவுக்கு 2019இல் அதே ஹென்லியில் படையினரைத் திரும்பக் கூப்பிட்டபோது ஜெர்மனியும் நெதர்லாந்தும் வந்தன. அந்த முறை ஆணும் பெண்ணும் ஒரே படகில் சேர்ந்து வலித்தார்கள்.