வாய்க்கால் பாலத்துல விலங்குகளுக்கு வழி: உதவுங்க

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் நீர்நாய், நரி, உடும்பு அடிபட்டுக் கிடக்குறதைப் பார்க்க மனசு தாங்கல. நேத்து கிடந்த நீர்நாய்க்கு மீசையில சேறுகூட காயல. மேட்டூர் திறந்து வாய்க்கால் நிரம்பிட்டா குழாய்ப் பாலத்துக்குள்ள நடக்க இடமில்ல, சாலைமேலதான் ஏறணும். பைக்ல வர்றவங்களும் பிரேக் போட்டு விழுறாங்க.

மகாராஷ்டிராவுல பென்ச் புலிகள் காப்பகத்துல 44ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அடியில 9 இடத்துல வழி விட்டிருக்காங்க. புலியே அதுல போகுது. நமக்கு அவ்வளவு பெருசு தேவையில்ல. பாலத்துக்குள்ள தண்ணி மட்டத்துக்கு மேல ஓரமா ஒரு திட்டு, வாசல்வரைக்கும் ரெண்டு பக்கமும் வேலி, இது இருந்தாலே பல உசுரு தப்பும்.

மன்னார்குடி, வேதாரண்யம், கோடியக்கரை சாலைகள்ல அடிபட்டதைப் பார்த்தா படம், இடம், நேரம் அனுப்புங்க (வண்டியை ஓரங்கட்டிட்டு எடுங்க). நெடுஞ்சாலைத் துறையில வேலை பார்த்த அண்ணன், அக்கா யாராவது இருந்தா, சாலை அகலப்படுத்தும்போது மதிப்பீட்டுல இதைச் சேர்க்க யார்கிட்ட மனு கொடுக்கணும்னு சொல்லுங்க.